சாவியைப் பையில் போட்டுக்கொண்டவர்

எங்கள் டவுன்ஷிப் பிளாக்கில் மின்விசிறி மாட்ட என் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவர்கள், அவர் வருவதற்குள் மாவை ஆட்டி, துணியை இஸ்திரி போட்டு, செல்போனையும் சார்ஜ் ஏற்றி வைத்துவிடுவார்கள். காரணம் உண்டு. வந்தவுடன் அவர் செய்கிற முதல் வேலை, அந்த வீட்டு ஃபியூஸ் கட்டைகள் எல்லாவற்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொள்வது. விசிறியின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று சொன்னால், ரொம்ப நல்லது என்பதுபோலத் தலையை ஆட்டுவார். ஆட்டிவிட்டு நேராக மெயின் பலகைக்குப் போய்விடுவார்.

“சுவிட்ச யாரு வேணா போடலாங்க. கட்ட என் பையில இருந்தா நான்தான் போட முடியும்” என்பார். அவருடைய வேதம் மொத்தமும் இந்த இரண்டு வரிதான். இதற்கு உரை கிடையாது, விளக்கம் கிடையாது.

அவருக்குச் சட்டை தைக்கும் மந்தாரக்குப்பம் தையல்காரர், பைக்கு மூடியும் பொத்தானும் வைக்க மறந்தால் சட்டை திரும்பி வந்துவிடும். மகள் கல்யாணத்துக்குத் தைத்த பட்டுச் சட்டையிலும் மூடி போட்ட பை இருந்தது. தாலி கட்டும்போது அதற்குள் மண்டபத்து ஜெனரேட்டர் சாவி இருந்தது என்று நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். கேலிக்காகச் சொன்னதல்ல, உண்மையிலேயே இருந்தது. காலையில் அந்த ஜெனரேட்டரின் பெல்ட்டைச் சரி செய்தவர் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார்.

ஒருமுறை சொந்த வீட்டு ஃபியூஸ் கட்டைகளையே பையில் வைத்துக்கொண்டு முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். அவர் மனைவி ஊறவைத்த அரிசியோடு எங்கள் வீட்டுக்கு வந்து மாவாட்டினார். “பையில போட்டுகினு போய்ட்டாரு உங்கண்ணன். சாயந்தரம் வந்து கேட்டா, நல்லதுதான், யாரும் கை வச்சிருக்க முடியாதுன்னு சொல்லுவாரு பாருங்க” என்றார். சாயங்காலம் நானே போய் நின்று கேட்டேன். ஒரு வார்த்தை மாறாமல் அதையேதான் சொன்னார்.

நான் மதுரைப் பக்கத்துக்காரன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுகளை ஓட்டும் கன்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர். அவர் மேல்பட்டாம்பாக்கம். அதே பெல்ட்டுகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனாலும் தெருநாயைத் தவிர எல்லோரையும் ‘ங்க’ போட்டுத்தான் கூப்பிடுவார். எங்கள் இரண்டு குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரு செம்பருத்தி வேலிதான்.

பழுது பார்க்கும்போது பெல்ட் ஓடாமலிருக்கப் பூட்டுப் போடுவதும் சிவப்பு அட்டை மாட்டுவதும் எல்லோருக்கும் உள்ள விதி. எல்லோரும் செய்வார்கள். இவர் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். ஐம்பதடி நடந்துபோய், என்னவோ தோன்றித் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். பிறகு எனக்குப் போன் வரும். “நான்தாங்க. சாவி என்கிட்ட இருக்குது.” அவ்வளவுதான் பேச்சு. வேலை முடிந்தால், “நான்தாங்க. சாவிய குடுத்துட்டேன்.” நலம் விசாரிப்பெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான்.

அந்தப் போன் வரும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். சாவி உன்னிடம் இல்லை, உன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று என்னிடமே சொல்கிற மாதிரி இருக்கும். நான் கொஞ்சம் கோபக்காரன். கோபக்காரன் இல்லை, ரோஷக்காரன் என்று என் மனைவி திருத்துவாள். எப்படியோ, இந்த மனுஷர் என்னை நம்புகிறாரா இல்லையா என்ற கேள்வி எனக்குள் ரொம்ப நாளாகக் குடியிருந்தது. அதைக் கேட்க வாய் வராமல் கேலி பண்ணியே காலத்தை ஓட்டினேன்.

அவரிடம் ஒரு கார் இருந்தது. இரண்டே சீட்டு, கூரை கிடையாது, தரையோடு தரையாகப் போகும் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். என்னைவிட வயதில் பெரியது. டவுன்ஷிப்பை விட்டுப் போன ஒரு பெரிய அதிகாரியின் ஷெட்டில் கோழி அடைந்துகொண்டிருந்ததை வாங்கி, நாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி ஓட வைத்தார். பிளாக்கில் அதற்கு சோப்பு டப்பா என்று பெயர். பெயர் வைத்தவன் நான்தான். சாயங்காலங்களில் அவரும் மனைவியும் அதில் மந்தாரக்குப்பத்துக்குக் காய்கறி வாங்கப் போவார்கள். அந்த அம்மா முந்தானையைத் தலையில் இறுக்கிக் கட்டி, மடியில் கீரைக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கலெக்டர் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு வருவார். நான் வேலிக்குள் நின்று சல்யூட் வைப்பேன்.

அந்தக் காரில் எல்லாம் சரியாக இருக்கும், கிளச் மட்டும் அடிக்கடி முறைத்துக்கொள்ளும். பெடலை மிதித்தால் முதல் ஒரு இஞ்ச் சும்மா இறங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கிளச் தன் வேலையைத் தொடங்க வேண்டும். அந்த ஒரு இஞ்ச் குறைந்தால் உள்ளே பிளேட் வழுக்கித் தேய்ந்து கருகும். கூடினால் கியர் மாற்றும்போது கறகறவென்று கத்தும். பெடலிலிருந்து போகும் கம்பியின் முனையில் இரண்டு நட்டுகள் இருக்கும். ஒருவர் காருக்கு அடியில் படுத்து அவற்றைத் திருக வேண்டும். இன்னொருவர் சீட்டில் உட்கார்ந்து மிதித்து, எங்கே பிடிக்கிறது என்று சொல்ல வேண்டும். தனியாளாக முடிகிற வேலை இல்லை.

மிதிப்பதற்கு என்னைத்தான் கூப்பிடுவார். அரைச் சுற்றுத் திருகுவார், வெளியே வருவார், சாவி போட்டு எஞ்சினை ஓட்டுவார், நான் மிதித்து விட்டுப் பிடிக்கும் இடத்தைச் சொல்வேன். எஞ்சினை நிறுத்துவார். சாவியை எடுப்பார், பையில் போடுவார், பொத்தானை மாட்டுவார், மறுபடி அடியில் போவார். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் இந்தப் பூஜை முழுதாக நடக்கும். ஒரு சடங்கைக்கூட விடமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஏழு தடவை அடியில் போய் வந்துவிட்டார். எட்டாவது தடவை சாவியை எடுக்கக் கை நீட்டியபோது எனக்குப் பொறுக்கவில்லை. “என்னண்ணே, நான்தான் குத்துக்கல்லாட்டம் இங்க உக்காந்திருக்கேனே. என் மேல நம்பிக்கை இல்லைன்னா வேற ஆளக் கூப்பிடுங்க” என்றேன்.

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். “சரிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அடியில் போனார். எனக்கு அப்போது ஏதோ ஜெயித்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

முன்சக்கரங்கள் இரண்டும் நீளமான ரயில்பாதை ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் ஏறி நின்றன. கார் உருளாமலிருக்க முதல் கியரில் போட்டிருந்தார். பலம் கிடைப்பதற்காக இடது காலைக் கட்டையின் மேல், சக்கரத்துக்கு முன்னால் முட்டுக் கொடுத்துப் படுத்திருந்தார். பெடலிலிருந்து காலை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். பிறகு, இறுகிய நட்டை இளக்குவதற்காகச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார்.

எங்கள் வேலையில், பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே நின்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்க்கும்போது இரும்பில் இரண்டு தட்டு என்றால் ஓட்டு என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இருபது வருஷம் அந்த வேலை பார்த்தவனுடைய கைக்கு இதெல்லாம் மூளையைக் கேட்காமலே தெரியும். என் கை சாவியைத் திருப்பியது. கார் ஒரு எட்டு முன்னால் எகிறியது.

அவர் கத்தவில்லை. அடியிலிருந்து ஒரே ஒரு தட்டு கேட்டது. நான் கையை எடுத்தேன்.

இடது காலில் இரண்டு விரல்கள் போயின. முன்பாதம் முழுவதும் மரத்துப்போயிற்று, குத்தினாலும் தெரியாது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு நான் ஒரே ஒரு தடவைதான் போனேன். வார்டில் எலக்ட்ரீஷியன் ஒருவர் ஸ்டூலில் ஏறி விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். காலில் பெரிய கட்டோடு படுத்திருந்த இவர், ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தால்தான் ஆச்சு என்று அவரைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். இதைப் பார்த்து வேறு எப்போதாக இருந்தாலும் சிரித்திருப்பேன். எப்படி நடந்தது என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: சாவிய வண்டியிலயே வுட்டுட்டேன். என் பெயரை எடுக்கவே இல்லை. ஆனால் எனக்கு அது நன்றாகவே புரிந்தது, அதாவது புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். இவனை நம்பிச் சாவியை விட்டேன், இப்படி ஆகிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது மாதம் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஷிப்டு பஸ்ஸுக்கு அடுத்த ஸ்டாப்பில் போய் நின்றேன். வேலிப்பக்கத்து ஜன்னலைத் திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. அந்த அம்மா ஒரு நாளாவது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பண்டிகைக்கு எப்போதும்போல வடையும் பாயசமும் கொடுத்தனுப்பினார்.

அவர் ரிட்டையர் ஆகக் கொஞ்ச மாதங்கள்தான் இருந்தன. குவார்ட்டர்ஸைக் காலி செய்து மேல்பட்டாம்பாக்கத்தில் கட்டிய வீட்டுக்குப் போக வேண்டும். காரை விற்றுவிடுங்கள் என்று மகள் சொன்னாள். இல்லாவிட்டால் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்தி வையுங்கள் என்றாள். இவர் கேட்கவில்லை. லாரியில் ஏற்றமாட்டேன், ஓட்டிக்கொண்டுதான் போவேன் என்று சொல்லிவிட்டதாக என் மனைவி வந்து சொன்னாள். கிளச் பிடிக்கிற இடத்தை உணர்வது முன்பாதம். அதுதான் இவருக்கு இல்லை. எப்படி ஓட்டுவார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தடியை ஊன்றிக்கொண்டு அவர் நின்றார்.

“நாளைக்கு லீவுதானுங்களே? கிளச்சு அட்ஜஸ்ட் பண்ணணும். மிதிக்க ஆளு வேணும்.”

வேறு ஆள் பாருங்கள் என்று சொல்ல நினைத்தேன். சரி என்றுதான் சொன்னேன். மறுநாள் காலை போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் என் முன்னால் குனிந்து சாவியை எடுத்தார். பையில் போட்டார், பொத்தானை மாட்டினார், தடியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக அடியில் போனார். எனக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. ஆனாலும் எழுந்து போகவில்லை. போகிற யோக்கியதை எனக்கு இல்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

அன்று ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டுகொண்டே போயின. பெடலுக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு ஸ்கேலைக் கட்டிவைத்தார். என் கால் எந்த அளவில் பிடிக்கிறது என்று சொல்கிறதோ, அந்த அளவைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். பிறகு அவர் உட்கார்ந்து அதே அளவில் காலை நிறுத்திப் பார்ப்பார். வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோகும். இறங்குவார். சாவி பைக்குப் போகும். மறுபடி அடியில் போவார். முதல் இரண்டு வாரம் மதகுக் கட்டையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் பிளாக்கில் ஒரு கூட்டமே வந்தது. நாலாவது வாரம் அவர்களுக்கு அலுத்துப்போயிற்று. இவருக்கு அலுக்கவில்லை.

“கால் சொல்லலன்னா குதிகால் சொல்லுங்க. குதிகால் சொல்லலன்னா முட்டி சொல்லும்” என்றார் ஒரு நாள். பெடலின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து முடுக்கினார். விரலால் மிதிக்க வேண்டியதைக் குதிகாலால் மிதிக்கலாம் என்று யோசனை. குதிகாலில் உணர்ச்சி இருந்தது. கட்டை உயர்ந்தால் சீட்டைத் தள்ள வேண்டியிருந்தது. சீட்டைத் தள்ளினால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. கட்டையை இழைத்தார், சீட்டை நகர்த்தினார், நட்டைத் திருகினார். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கலைந்தன. சுவரில் சாக்பீஸ் எண்கள் ஜன்னல் உயரத்துக்கு ஏறிவிட்டன. இந்த மனுஷர் இதை முடிக்காமல் விடமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர் முடித்துவிட்டால் என் கேள்விக்குப் பதில் கிடைக்காமலே போய்விடுமே என்றும் பயமாக இருந்தது.

பதினோராவது ஞாயிற்றுக்கிழமை என்று நினைக்கிறேன். அன்று காலையிலேயே வெயில் காய்ந்தது. அவர் சாவியைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டி, வழக்கம்போல பைமேல் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டு அடியில் போனார். அந்தத் தட்டலில் எனக்குள் என்னவோ உடைந்துவிட்டது. காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய இரண்டு கால்கள்தான் எனக்குத் தெரிந்தன. இடது காலில் பெரிய கேன்வாஸ் ஷூ. அந்தக் கால்களைப் பார்த்துத்தான் கேட்டேன்.

“அண்ணே, நீங்க அந்தச் சாவிய பையில போடுறப்பல்லாம் எனக்கு செருப்பால அடிச்ச மாதிரி இருக்கு. நம்பிக்கை இல்லாதவன எதுக்குண்ணே கூப்பிடுறீங்க?”

ஸ்பானர் சத்தம் நின்றது. பிறகு அடியிலிருந்தே பேசினார்.

“நம்பாமலாங்க உங்க காலுகிட்ட கேட்டுகினு கெடக்கறேன்? மனுசங் கை தானா போவுங்க. என் கையும் போவும். தூங்கிகினு இருக்கசொல்லகூட நட்டு முடுக்கறேன்னு எங்க வூட்டுல சொல்லுவாங்க. சாவி என் பையில இருந்தா உங்க கை எங்க போனாலும் ஒண்ணும் ஆவாது. எனக்கும் ஆவாது, உங்களுக்கும் ஆவாது. அன்னிக்கு அத வண்டியிலயே வுட்டுட்டேன். எனக்கு ரெண்டு வெரலு போச்சு, அது கெடக்குது. நீங்க ஒம்போது மாசமா சோறு துன்னலன்னு உங்க வூட்டுல வந்து அழுதாங்க. அது நான் உங்களுக்குப் பண்ண தப்புங்க. இன்னொரு வாட்டி பண்ணமாட்டேன்.”

நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல், தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். கன்ட்ரோல் ரூமுக்கு இத்தனை வருஷமாக வந்த அந்தப் போன்களெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. என்னை விலக்கி வைக்கிறார் என்று நினைத்திருந்தேன். நீ தப்புச் செய்ய முடியாத இடத்தில் உன்னை வைத்துவிட்டேன், நிம்மதியாக இரு என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறார்.

அவர் காத்திருந்தார். பிறகு, “கிளச்ச மிதிங்க” என்றார். மிதித்தேன்.

இன்னும் இரண்டு தடவை அடியில் போய் வந்த பிறகு அவர் ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தார். நான் பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்தேன். அவர் சாவியைப் போட்டு எஞ்சினை எழுப்பி, குதிகாலைக் கட்டையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முதல் தடவை அணைந்தது. இரண்டாவது தடவையும் அணைந்தது. மூன்றாவது தடவை, முழங்கால் மெதுவாக மேலே வர வர, கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. வாசலில் நின்ற அந்த அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டார். பிளாக்கைச் சுற்றி, கடைத்தெரு வரைக்கும் போய், மேடேறித் திரும்பி வந்தோம். அடுத்த மாதம் அவர் மேல்பட்டாம்பாக்கத்துக்கு அந்தக் காரை ஓட்டிக்கொண்டேதான் போனார். வீட்டுச் சாமான்கள்தான் லாரியில் போயின.

ஆனால் அன்று திரும்பி வந்து நிறுத்தியதும் அவர் முகத்தில் சந்தோஷம் எதையும் நான் பார்க்கவில்லை. பெடலைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கினார்.

“அரை சுத்து ஜாஸ்திங்க” என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்தார். நான் மறுபடி அவர் சீட்டுக்கு நகர்ந்தேன். அவர் தரையில் உட்கார்ந்து அடியில் சரியப் போனார்.

“அண்ணே, சாவிய எடுத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டேன்.

அவர் பையைத் தட்டிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் நான் கிளச்சில் காலை வைத்தேன்.